தராசும் கடன் கொப்பியும்: வணிகத்தில் நம்பிக்கை வளரும் விதம்

எங்கள் உயர்தர வணிகக்கல்விப் பாடத்தில் ஒப்பந்தத்துக்கு வரைவிலக்கணம் உண்டு. காசோலைக்கு உண்டு, கடனுக்கு உண்டு, கழிவுக்கும் உண்டு. காப்புறுதியைப் படித்தபோது "அதிஉயர் நம்பிக்கை" என்ற தத்துவத்தையும் மனனம் செய்தோம். ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை எதை வைத்து நம்புகிறது? ஒரே நிறுவனத்துக்குள் வேலை செய்பவரும் வேலை வாங்குபவரும் ஏன் சில இடங்களில் நம்புகிறார்கள், சில இடங்களில் நம்ப மறுக்கிறார்கள்? இதை வகுப்பில் கேட்டபோது, "உங்கட கடையில போய்ப் பாருங்க" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் உண்மையாகவே போய்ப் பார்த்தேன்.

எங்கள் கடை பசறையில் உள்ள பலசரக்குக் கடை. வாடிக்கையாளரில் பாதிப்பேருக்கு மேல் சுற்றியுள்ள தோட்டத்து மக்கள். தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறை, பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி வரும். ஆனால் அரிசியும் மாவும் சீனியும் மாதம் முழுக்க வேண்டும். அதனால் கடன் கொப்பி. அங்கே ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று சொல்வார்கள். முழு நாள் வேலை செக்ரோலில் விழுந்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் பதினெட்டுப் பேர்தான் முதலாளி, கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே சாமான் வாங்குவார்கள். வாப்பாவுக்கு அந்த ஒரு வசனத்தில் அவர்களின் வரவுசெலவுத் திட்டம் முழுவதும் விளங்கிவிடும்.

நான் 7ஆம் தரத்தில் படிக்கும்போது நடந்தது இது. பல வருடமாக எங்களிடம் சாமான் வாங்கும் ஓர் அம்மா, மாத முடிவில் கணக்குப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வராது முதலாளி" என்றார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வாப்பா கொப்பியைப் புரட்டிக் காட்டினார். அவர் எதுவும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய மகள், என் வயதுக்காரி, ஒரு பாடசாலைக் கொப்பியோடு வந்தாள். அதன் கடைசிப் பக்கங்களில் உம்மாமார் வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல், தாய் வாங்கி வந்த ஒவ்வொரு சாமானையும் திகதியோடு எழுதி வைத்திருந்தாள். எங்கள் கொப்பியில் ஒரு நாள் கணக்கு இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. 740 ரூபா. வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் அந்தத் தாய்க்கு அது எப்படித் தெரியும்? வாப்பா காசைத் திருப்பிக் கொடுத்தார். அன்று நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கடையில் ஆளுக்கு இரண்டு கொப்பி. ஒன்று கடையில், ஒன்று வாங்குபவர் கையில். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். இதனால் வாடிக்கையாளர் எங்களைச் சந்தேகிப்பார்கள் என்று மூத்தாப்பா கொஞ்சம் மனம் வருந்தினார். அவருடைய காலத்தில் வாய்ச்சொல்தான் எல்லாம். நடந்ததோ நேர்மாறு. அந்த அம்மா தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இருக்கக்கூடாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்வோம்: சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அது எதைப் பற்றியது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. தவணைக் கடனை எழுதி வைப்பது, சாட்சி வைப்பது, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல எழுதுவது, அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்வது, இதையெல்லாம் பற்றியதே அந்த வசனம். கடன்பட்டவர்தான் பெரும்பாலும் பலவீனமான தரப்பு. எழுதப்படும் சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதில் எவ்வளவு பெரிய விடயம் இருக்கிறது! அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைப் பற்றி 83ஆவது சூராவே இருக்கிறது. நபித்துவத்துக்கு முன்பே மக்காவில் "அல்அமீன்" என்று பெயர் பெற்ற நபி (ஸல்) அவர்கள் ஒரு வணிகராக இருந்தவர்கள். அமானிதம் பேணும் மனிதர்களுக்கும் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்றுதான் நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. எழுதி வைப்பது நம்பிக்கையீனத்தின் அடையாளம் என்ற எண்ணம் நமக்குள் எப்படி வந்ததோ தெரியவில்லை.

கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உள்ளது இது. கடைக்கும் கடைக்கும் இடையில்? எங்கள் சாமான் கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடமிருந்து வருகிறது. அதற்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுப்பது வழக்கம். லொறி இன்று வரும். காசோலை ஒரு மாதம் கழித்து வங்கிக்குப் போகும். இடையில் இருக்கும் அந்த ஒரு மாதம் முழுவதும் நம்பிக்கையில் ஓடுவது. 2022ஆம் ஆண்டு அது அறுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 சதவீதம். இன்று விற்ற சாமானின் காசில் அதே சாமானை அடுத்த மாதம் வாங்க முடியாது என்றால் யார்தான் கடன் கொடுப்பார்கள்? "காசு வந்தால்தான் லொறி" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரேயொரு வியாபாரி மட்டும் கேட்டதில் பாதியைக் கடனுக்கு அனுப்பினார். வாப்பா நன்றி சொல்ல அழைத்தபோது அவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: இருபது வருடத்தில் எங்கள் காசோலை ஒன்றும் திரும்பி வரவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, எங்கள் கடையைக் கண்டதில்லை. இருபது வருடக் காசோலைகளைத்தான் அவர் கண்டிருந்தார்.

முகாமைத்துவ ஆய்வில் 1995ஆம் ஆண்டு மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் எழுதிய கட்டுரை இவ்விடயத்தில் மிகவும் எடுத்தாளப்படுவது. மற்றவரைக் கண்காணிக்க முடியுமோ முடியாதோ, அவர் செயலால் நமக்குப் பாதிப்பு வரக்கூடிய நிலையில் நம்மை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பதே நம்பிக்கை என்று அவர்கள் வரையறுத்தார்கள். எதிர்த் தரப்பின் திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்றையும் பார்த்தே அந்தச் சம்மதம் பிறக்கிறது என்றும் சொன்னார்கள். நல்ல வரைவிலக்கணம். ஆனால் என் சிறிய அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. கண்காணிக்காமல் நம்பும் நிலைக்கு வருவதற்கு முன், கண்காணிக்க முடிந்த ஒரு காலம் இருந்திருக்க வேண்டும். புறக்கோட்டை வியாபாரிக்கு அது இருபது வருடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டாவது கொப்பி வரும்வரை அது இருக்கவேயில்லை.

இந்த வித்தியாசத்தைப் பெரிய அளவில் பார்க்க நம் மாகாணத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஊவாத் தேயிலை போகும் வழியைப் பார்த்தாலே போதும்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வரண்டு வீசும்போது நமது பக்கத்துத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் அந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு. தொழிற்சாலையிலிருந்து அது நேரே வெளிநாட்டுக்குப் போவதில்லை. பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. இலங்கை வர்த்தகச் சங்கத்தின் கீழ் அந்த ஏலம் முதன்முதல் நடந்தது 1883 ஜூலை 30ஆம் திகதி. தோட்டம் தன் தேயிலையைத் தரகரிடம் ஒப்படைக்கிறது. தரகர் அதைச் சுவைத்து மதிப்பிட்டு, பட்டியலில் இலக்கமிட்டு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எடுத்த மாதிரியை வாங்குவோருக்கு முன்கூட்டியே அனுப்புகிறார். வாங்குவோர் தம் சொந்தச் சுவைஞரிடம் கொடுத்துப் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். குறித்த நாளுக்குள் பணம் செலுத்தினால்தான் தேயிலையை எடுத்துச் செல்லலாம். 2020 வரை விலை எல்லாருடைய காதிலும் விழ உரத்துச் சொல்லப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்காமலே கோடிக்கணக்கான ரூபா கை மாறுகிறது. மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் இருந்தால் அடுத்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தோட்டத்தின் குறி விலை இழக்கும். வாராவாரம் அதே ஆட்கள், அதே குறிகள். பொய் சொன்னவர் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, நூற்றைம்பது வருடத்தை நெருங்கிய அந்த உரத்த குரல் ஏலம் ஒரு சில வாரத்துக்குள் இணையவழி ஏலமாக மாறியது. அது அவ்வளவு விரைவாக நடந்ததற்குக் கணினி மட்டும் காரணமல்ல என்று நான் நினைக்கிறேன். மாதிரி, பட்டியல், பணம் செலுத்தும் நாள் என்ற ஒழுங்குகள் எல்லாம் ஏற்கெனவே எல்லாரும் ஏற்றுக்கொண்டவையாக இருந்தன. மாறியது இடம் மட்டுமே.

தொலைவில் உள்ள வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் நம் ஊவாத் தேயிலை வென்றது. 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னத் தோட்டத்தை வாங்கிய கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டனின் கதை நமக்குத் தெரியும். அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு நாங்களும் சுற்றுலா போயிருக்கிறோம். அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, சில்லறையாக அள்ளி விற்கப்பட்ட தேயிலையை நிறை குறிப்பிட்ட பக்கெட்டுகளில் போட்டு விற்றது. பிரித்தானியாவில் ஒரு ஏழைத் தாய் கால் றாத்தல் தேயிலை வாங்கினால் அது கால் றாத்தல்தான் என்று நிச்சயமாக அறிந்தாள். இன்று இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் அதே வேலையைச் செய்கிறது: இது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்ற உறுதி.

வாங்குபவருக்கு இவ்வளவு உறுதி. தரகருக்கு உறுதி. ஏற்றுமதியாளருக்கு உறுதி. கொழுந்து பறித்தவருக்கு?

அந்தக் கேள்விக்குப் பழைய ஒரு காகிதம் பதில் சொல்கிறது. அதன் பெயர் "துண்டு". இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கங்காணியிடம் பட்ட கடன் அவர்கள் பெயரில் நின்றது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. புதிய துரை அதை நம்பிக் காசு கொடுத்து ஆட்களை எடுப்பார். ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்தின் காகிதத்தை நம்பியது என்ற அளவில் இது நிறுவனங்களுக்கு இடையிலான நம்பிக்கையே. ஆனால் கடன் எவ்வளவு, எப்படிக் கூடியது என்று தொழிலாளிக்கு எவரும் காட்டியதில்லை. காகிதத்தில் அவர்தான் சரக்கு. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வணிகக்கல்விப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

பதுளைக்கு அருகிலேயே இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1940 மே மாதம் வெவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கத்தோடு நின்று தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து நடக்கத் துரையும் ஒத்துக்கொண்டார். துரையின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தில் நடந்தது இது! நீடிக்கவில்லை. பொலிஸ் வந்தது, மோதல் வந்தது, போர்க்கால அரசாங்கம் அடுத்த மாதமே அந்தக் கட்சியின் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. அந்தச் சபை ஐந்து வருடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

பிறகு வந்த காலத்தில் தோட்டங்களின் உடைமை பலமுறை மாறியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசிடம் வந்தன. 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. அந்தக் கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தம் எழுதின. 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, 2019 ஜனவரியில் 700 ரூபா. தொகை போதாது என்று வீதிக்கு இறங்கியவர்கள் பலர். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் சம்பளம் மட்டுமா இருந்தது? வேலை நியமங்கள், பிணக்கு வந்தால் யார் யாரோடு பேசுவது என்ற ஒழுங்கு எல்லாம் இருந்தன. 2021 மார்ச்சில் 1000 ரூபா வர்த்தமானி மூலம் வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. ஒரு பேருக்குரிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டு, எட்டாதவர்களுக்கு அரைப்பேர் விழுகிறது என்று தொழிற்சங்கங்கள் அதன் பின் முறையிட்டன. 2024இல் 1700 ரூபா என்ற வர்த்தமானியும் நீதிமன்றத்துக்குப் போனது. செப்டெம்பரில் 1350 ரூபா நிர்ணயமானது.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏலத்து விலை அவர்கள் கையில் இல்லை. செலவில் பெரும்பங்கு கூலி. இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, கொழுந்தெடுக்க ஆளில்லை. ஆனால் இதை அவர்கள் சொல்லும்போது தொழிலாளி நம்புவதில்லை. தொழிலாளி தன் கஷ்டத்தைச் சொல்லும்போது கம்பனி நம்புவதில்லை. இருவரும் மேசையில் பேசியதை இப்போது சட்டத்தரணிகள் பேசுகிறார்கள். ஏலத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரியைக் கொடுத்துச் சுவைக்கச் சொன்ன அதே தொழில், கொழுந்து மடுவத்தில் தராசை ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்பி வைத்ததன் விளைவு இது என்பது என் எண்ணம். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கும் கிலோ எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அறியாதவர், ஒரு நிறுவனத்தின் வருடாந்த நட்டக் கணக்கை எப்படி நம்புவார்?

எங்கள் கடைக்குப் பாடசாலைக் கொப்பியோடு வந்த பெண்ணை நான் இன்னும் காண்கிறேன். தாய்க்காக அவள் இப்போது வேறொரு கணக்கும் எழுதுகிறாள். காலை நிறுவை 7 கிலோ, பகல் 6, அந்திக்கு 5 என்று தாய் வந்து சொல்லச் சொல்லத் திகதியோடு குறித்து வைப்பாள். சென்ற வருடம் ஒரு நாள் சம்பளத் துண்டையும் கொப்பியையும் எங்கள் கடை மேசையில் விரித்து வைத்து, வாப்பாவின் கல்குலேட்டரில் கூட்டிப் பார்த்தாள். கொப்பியில் 18 பேர். துண்டில் பதினேழரை. தாய்க்குப் பயம், பேசாமல் விடு என்றார். இவள் கொப்பியை எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனாள். அவர் முதலில் சத்தம் போட்டாராம். பிறகு செக்ரோலை எடுத்து அந்தத் திகதியைப் பார்த்தாராம். அடுத்த மாதத் துண்டில் அந்த அரைப்பேர் சேர்ந்து வந்தது.

இப்போது மாதக் கடைசியில், துண்டு எழுதுவதற்கு முன்பே, கணக்கப்பிள்ளை அந்தக் கொப்பியைக் கேட்டு அனுப்புகிறாராம். பக்கத்து லயத்தில் இன்னும் நான்கு வீட்டுக் கணக்கை அவளே எழுதிக் கொடுக்கிறாள். போன கிழமை எங்கள் கடைக்கு வந்தபோது 120 பக்கக் கொப்பி ஐந்து வாங்கினாள். காசு 10ஆம் திகதி தருவதாகச் சொன்னாள். வாப்பா இரண்டு கொப்பியிலும் எழுதினார்.